முகப்பரு பற்றிய தவறான நம்பிக்கைகள்: ஒரு வரலாறு

முகப்பரு என்பது தோலில் உள்ள மயிர்க்கால் துளைகளும் அவற்றோடு இணைந்த எண்ணெய்ச் சுரப்பிகளும் அடைபட்டு அழற்சி அடைவதால் உண்டாகும் நோய். பதின்ம வயதினரில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்து போகிறது. இவ்வளவு பரவலான நோயைப் பற்றி மக்களுக்குத் தெளிவு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நிலைமை நேர்மாறாக உள்ளது. பரு உள்ள ஒருவரைப் பார்க்கும் எவரும் அதற்கு ஒரு காரணம் சொல்லத் தயாராக இருக்கிறார்: முகம் சரியாகக் கழுவுவதில்லை, எண்ணெய்ப் பலகாரம் தின்கிறான், உடம்பில் சூடு ஏறிவிட்டது, இரவில் தூங்குவதில்லை, மனத்தில் ஏதோ ஆசை புகுந்துவிட்டது. இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை பரு வந்தவரின் நடத்தையில் ஒரு குறையைத் தேடுபவை. இவை பாட்டிமார் மட்டும் கட்டிய கதைகளும் அல்ல. பலவற்றை அந்தந்தக் காலத்து மருத்துவ நூல்களே எழுதி வைத்தன. அவை எங்கிருந்து வந்தன, எப்படிச் சோதிக்கப்பட்டன, சோதித்தவர்களே புதிதாக எந்தத் தவற்றைப் பரப்பினார்கள் என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

பரு உண்டாகும் விதம்

பூப்பெய்தும் வயதில் ஆண்ட்ரோஜன் எனப்படும் இயக்குநீர்கள் உடலில் மிகுகின்றன. இவை ஆண், பெண் இருபாலருக்கும் சுரப்பவை. இவற்றின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, சீபம் என்னும் கொழுப்புப் பொருளை அதிகமாகச் சுரக்கின்றன. அதே வேளையில் மயிர்க்கால் துளையின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட துளைக்குள், காற்றில்லாத இடத்தில் வாழக்கூடிய ஒரு பாக்டீரியா பெருகுகிறது. அதற்கு உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினையே சிவப்பும் வீக்கமும் சீழும். யாருக்குக் கடுமையாக வரும், யாருக்கு லேசாக வரும் என்பதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கேயே ஒரு பழைய தவற்றைத் தீர்த்துவிடலாம். மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகள் அழுக்கு அல்ல. அடைப்பின் வாய் திறந்திருக்கும்போது, அதில் உள்ள மெலனின் நிறமியும் காற்றுபட்டு மாற்றமடைந்த கொழுப்பும் கறுப்பாகத் தெரிகின்றன. வாய் மூடியிருந்தால் அதே அடைப்பு வெள்ளையாகத் தெரியும். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே பொருள்தான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கரும்புள்ளி போகாததன் காரணம் இதுவே.

பழைய நூல்கள் சொன்னவை

இந்திய மருத்துவத்தில் சுசுருத சங்கிதை இந்நோயைச் சிறு நோய்களின் வரிசையில் வைக்கிறது. இளம் வயதினரின் முகத்தில் இலவ மரத்து முள்ளைப் போன்ற கட்டிகள் எழும் என்கிறது அந்நூல். கபம், வாதம், இரத்தம் ஆகியவற்றின் கேட்டால் இது வருவதாகக் கூறி, முகத்தைக் கெடுப்பது என்று பொருள்படும் முகதூஷிகா என்ற பெயரைத் தருகிறது. யௌவன பிடகம், அதாவது இளமைக் கட்டி என்ற பெயரும் வழக்கில் உண்டு. முள்ளிலவின் அடிமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்பது தெரியும். காரணம் பற்றிய விளக்கம் இன்றைய அறிவியலோடு ஒத்துப்போகாவிட்டாலும், நோயை இளமையோடு தொடர்புபடுத்திய கவனிப்பு சரியானதே.

தமிழில் பருவ வயதில் வருவதால் பரு என்று பெயர் வந்ததாகப் பலர் சொல்வதுண்டு. பருத்தல், வீங்குதல் என்ற பொருளே அச்சொல்லுக்கு அடிப்படை. பருத்து எழுவது பரு. பருவத்தோடு அதை முடிச்சுப் போட்டதால், இருபத்தைந்து வயதுக்கு மேல் பரு வராது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் பலருக்குப் பரு வருவதைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் காண்கிறார்கள்.

மேற்கில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய உரோமானிய அறிஞர் செல்சஸ், பருவுக்கும் முகத்தின் புள்ளிகளுக்கும் மருந்து செய்வது ஏறக்குறைய மடமை என்றும், ஆனால் பெண்கள் தங்கள் தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படுவதைத் தடுக்க முடியாது என்றும் கருத்துத் தெரிவித்தார். சொல்லிவிட்டு மருந்தும் எழுதினார். பரு என்பது நோயல்ல, வெறும் அழகுக் கவலை என்ற மனப்பான்மைக்கு இவ்வளவு பழைய சான்று இருப்பது வியப்பளிக்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியசின் அவையில் இருந்த மார்செல்லஸ் என்பவர் கூறிய வழி இன்னும் விசித்திரமானது. வானில் எரிநட்சத்திரம் விழுவதைக் காணும்போது, அது விழுந்து முடிவதற்குள் ஒரு துணியால் பருவைத் துடைத்துவிட வேண்டும். நட்சத்திரம் உதிர்வதைப் போலப் பருவும் உதிரும். வெறுங்கையால் துடைத்தால் பரு கைக்கு மாறிவிடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இந்த முறையால் பயன் இருந்திருக்காது. ஆனால் பின்னாளில் வந்த பல சிகிச்சைகளோடு ஒப்பிட்டால், இதனால் எவருக்கும் கேடு விளைந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்நோய்க்கு வழங்கும் ஏக்னி என்ற பெயரே ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள அமிடா நகரைச் சேர்ந்த ஏட்டியஸ் என்ற மருத்துவரின் நூலில் அக்னே என்ற சொல் காணப்படுகிறது. உச்சி, முனை என்று பொருள்படும் அக்மே என்ற கிரேக்கச் சொல்லைப் படியெடுத்தவர்கள் மாற்றி எழுதியதால் இது வந்திருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் தோல் நோய்களை வகைப்படுத்தியபோது இச்சொல்லுக்கு நிலையான இடம் கிடைத்தது. அவருடைய மாணவர் தாமசு பேட்மன் 1813இல் அந்த வகைப்பாட்டை நூலாக வெளியிட்டார்.

தோலுக்குள் புழு

கரும்புள்ளியைப் பிதுக்கினால் வெண்ணிறத்தில், கறுத்த தலையோடு, நூல் போன்ற ஒன்று வெளியே வரும். ஐரோப்பாவில் நெடுங்காலம் இதைப் புழு என்றே நினைத்தார்கள். உடலின் சத்தை உள்ளிருந்து தின்னும் புழு என்பதால், பெருந்தீனிக்காரன் என்று பொருள்படும் கொமெடோ என்ற இலத்தீன் பெயர் அதற்கு வந்தது. புழு இல்லை என்பது தெளிவான பிறகும் பெயர் மாறவில்லை. இன்றும் தோல் மருத்துவர்கள் எழுதும் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1842இல் பெர்லின் மருத்துவர் குஸ்தாவ் சைமன், பருவிலிருந்து எடுத்த பொருளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அதில் உண்மையிலேயே ஓர் உயிரைக் கண்டார். எட்டுக் கால்கள் கொண்ட, மயிர்க்காலில் வாழும் நுண்ணிய உண்ணி அது. இன்று டெமோடெக்ஸ் எனப்படுகிறது. பழைய நம்பிக்கை மெய்யாகிவிட்டது போலத் தோன்றினாலும், வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முகத்தில், பரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த உண்ணி வாழ்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு பொருள் பருவில் காணப்படுவதும் அது பருவுக்குக் காரணமாக இருப்பதும் வேறு வேறு என்ற பாடத்தை மருத்துவம் இங்கே கற்றிருக்கலாம். அடுத்த நூறாண்டுகளில் அதை இன்னும் சில முறை கற்க வேண்டியிருந்தது.

ஒழுக்கத்தின் மேல் விழுந்த பழி

பரு சரியாகப் பாலுணர்வு விழிக்கும் வயதில் வருகிறது. இந்தக் கவனிப்பிலிருந்து பாலுணர்வே பருவுக்குக் காரணம் என்ற முடிவுக்குத் தாவ அதிக நேரம் ஆகவில்லை. லொசான் நகரத்து மருத்துவர் தீசோ 1760இல் தன்னின்பப் பழக்கத்தைப் பற்றி வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் பல மொழிகளில் பரவியது. உடல் மெலிவு, பார்வைக் குறைவு, நினைவிழப்பு என்று அவர் அடுக்கிய கேடுகளின் பட்டியலில் முகப்பருவும் இடம்பெற்றது. அதன் விளைவாகப் பருவுள்ள ஓர் இளைஞனின் முகம் அவனுடைய இரகசியத்தை ஊருக்கு அறிவிக்கும் பலகையாகிவிட்டது. தந்தையும் ஆசிரியரும் மருத்துவரும் அதைப் படிக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு எதிர்ப்புறமான நம்பிக்கையும் ஒரே காலத்தில் நிலவியது. பாலுறவு இல்லாமையால் பரு வருகிறது, எனவே திருமணம் செய்து வைத்தால் போய்விடும் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் சிலர் அறிவுரை கூறினர். அமெரிக்கப் பெண் சிறாரின் உடல் பற்றிய எண்ணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜோன் ஜேகப்ஸ் புரும்பெர்க், 1997இல் வெளியான தம் நூலில், நடுத்தரக் குடும்பங்கள் மகளின் முகப்பருவை ஏன் அவ்வளவு அச்சத்தோடு பார்த்தன என்பதை இந்தப் பின்னணியில் விளக்குகிறார். பரு இருந்தால் பெண்ணின் ஒழுக்கத்தின் மீது ஐயம் எழும். அந்த ஐயம் வரன் அமைவதைப் பாதிக்கும்.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியமானது எதுவும் இல்லை. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் நம் வீடுகளிலும் உண்டு. இளமையில் செய்த தவறுகளுக்கு மருந்து தருவதாக விடுதி அறைகளில் முகாம் போடும் வைத்தியர்களின் சுவரொட்டிகளும் தீசோவின் பட்டியலுக்குத் தூரத்து உறவுதான். மணமான சிலருக்குப் பரு குறைவது உண்மை. மணமாகும் வயதில் இயக்குநீர்களின் கொந்தளிப்பு தணிந்திருக்கும் என்பதே அதன் விளக்கம். மணமாகாதவருக்கும் அதே வயதில் அது குறைகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்த சான்று 1941இல் வந்தது. ஆண்மை இயக்குநீர் பற்றி ஆராய்ந்துவந்த அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்சு ஹாமில்டன், பூப்படைவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட அல்லது விரை வளர்ச்சி அடையாத ஆண்களைக் கவனித்தார். அவர்களுக்குப் பரு வருவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தியபோது பரு தோன்றியது. செயலும் எண்ணமும் இங்கே பொருட்டே அல்ல. இரத்தத்தில் ஓடும் ஓர் இயக்குநீருக்குத் தோல் காட்டும் எதிர்வினையே பரு. இருநூறு ஆண்டுகளாக இளையோர் மீது சுமத்திய பழிக்கு இது நேரடியான மறுப்பு. ஆனால் இத்தகைய மறுப்புகள் ஆய்விதழ்களிலேயே தங்கிவிடுகின்றன. குடும்பங்களில் பேச்சு மாற இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. சில இடங்களில் இன்னும் மாறவில்லை.

கிருமியும் சோப்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்ற கொள்கை வெற்றி பெற்றபோது, பருவுக்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள். ஹாம்பர்க் நகரின் உன்னா 1896இல் பருவுக்குள் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அடுத்த ஆண்டு பாரிசில் சபுரோ அதை வளர்த்தெடுத்தார். பல பெயர்களைக் கடந்து, நெடுங்காலம் புரோபியோனிபாக்டீரியம் ஏக்னஸ் என்றிருந்த அது, 2016இலிருந்து குட்டிபாக்டீரியம் ஏக்னஸ் என வழங்குகிறது.

கிருமி கிடைத்ததும் தடுப்பூசி போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் இளம் மருத்துவர், பருவின் காரணத்தையும் அதற்குத் தடுப்பூசி மருத்துவம் செய்வதையும் பற்றி 1909இல் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார். அவர்தான் பின்னாளில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். கொன்ற கிருமிகளை ஊசியாகச் செலுத்தும் அந்த முறை சில பத்தாண்டுகள் பழக்கத்தில் இருந்து மறைந்தது. சைமன் கண்ட உண்ணியின் கதையே இங்கும் நடந்தது: இந்தப் பாக்டீரியா பருவே இல்லாத தோலிலும் இயல்பாக வாழ்வது. அழற்சியில் அதற்குப் பங்கு உண்டு என்றாலும், வெளியிலிருந்து தொற்றி வரும் நோய்க்கிருமியைப் போல அதைக் கருத முடியாது. பரு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

பொதுமக்களிடம் இந்த நுணுக்கங்கள் போய்ச் சேரவில்லை. கிருமி என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் சோப்பு என்ற எளிய சமன்பாடுதான் சேர்ந்தது. கைகழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி பதித்த குளியலறைகள் நடுத்தர வீடுகளுக்கு வந்த காலமும் இதுவே என்று புரும்பெர்க் சுட்டிக்காட்டுகிறார். முகத்தை மிக அருகில், நல்ல வெளிச்சத்தில், தனியாக நின்று பார்க்கும் பழக்கம் அப்போது உருவானது. சோப்பு நிறுவனங்கள் அந்தக் கண்ணாடிக்கு எதிரே வந்து நின்றன. பரு உள்ளவர் தூய்மை இல்லாதவர், தூய்மை இல்லாதவருக்கு வேலையும் நட்பும் கிடைக்காது என்பது விளம்பரங்களின் சாரம். 1930களில் ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டைக்கூடப் பருவுக்கு மருந்தென்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விற்றார்கள். 1950இல் தோல் நிறத்திலேயே, பூசினால் வெளியே தெரியாத களிம்பாக கிளியரசில் சந்தைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், இளைஞர்கள் பாட்டுக்கு ஆடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அதுவே விளம்பரதாரர்.

தேய்த்துக் கழுவினால் என்ன ஆகும்? பருவை உண்டாக்கும் அடைப்பு துளைக்குள் ஆழத்தில் இருக்கிறது. சோப்பு நுரை அங்கே எட்டாது. மேல்தோலின் பாதுகாப்புப் படலத்தை மட்டும் அது கரைக்கிறது. மில்ஸ், கிளிக்மன் என்ற இரு மருத்துவர்கள் 1975இல், அளவுக்கு மீறிச் சோப்புப் போடுவதாலேயே மோசமாகும் பருவைத் தனி வகையாக விவரித்தார்கள். 2006இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், பருவுள்ள இளம் ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்து நாளுக்கு ஒரு முறை, இரு முறை, நான்கு முறை என ஆறு வாரங்கள் முகம் கழுவச் செய்தனர். குழுக்களுக்கிடையே உறுதியான வேறுபாடு தென்படவில்லை. இரு முறை கழுவியவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் இருந்தது, நான்கு முறை கழுவியதில் கூடுதல் பயன் இல்லை. பங்கேற்றவர்கள் 27 பேர் மட்டுமே என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் நூறாண்டுக் கால சோப்பு விளம்பரங்களுக்குப் பின்னால் இந்த அளவுச் சான்றுகூட இருந்ததில்லை.

தேய்ப்பதைவிடக் கொடிய வழி ஒன்றும் இதே காலத்தில் நடந்தது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே அதைப் பருவின் மீது பாய்ச்சத் தொடங்கினார்கள். எண்ணெய்ச் சுரப்பி சுருங்கியது, பரு மறைந்தது. எனவே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் இது மதிப்பான சிகிச்சையாக இருந்தது. பதினைந்து, பதினாறு வயதில் கதிர் வாங்கியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டுப் புற்றும் தோல் புற்றும் வரும் ஆபத்து கூடியிருப்பது பின்னரே தெரிந்தது.

சாக்லேட் ஆய்வு

உணவுக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கதைதான் இவ்வரலாற்றில் மிகச் சிக்கலானது. கொழுப்பும் இனிப்பும் பருவை வளர்க்கும் என்பது பழைய நம்பிக்கை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கத்திய மருத்துவர்கள் பருவுக்கு மருந்து எழுதும்போதே விலக்க வேண்டிய உணவுகளின் நீண்ட பட்டியலையும் தருவார்கள். சாக்லேட் அதில் முதலிடத்தில் இருக்கும்.

1969இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூவர் எழுதியது. 65 பேருக்கு நான்கு வாரங்கள் நாள்தோறும் ஒரு கட்டியைத் தின்னக் கொடுத்தார்கள். ஒரு வகைக் கட்டியில் வழக்கமான சாக்லேட்டைவிடப் பத்து மடங்கு சாக்லேட் இருந்தது. இன்னொன்றில் சாக்லேட் இல்லை. இடைவெளி விட்டு, இரு குழுவினரும் கட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையே பருவின் அளவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. சாக்லேட் பருவை உண்டாக்காது என்பது முடிவு. இனிப்புக் கடைக்கு முன்னால் குற்றவுணர்ச்சியோடு நின்ற ஒரு தலைமுறைக்கு இது நல்ல செய்தியாகவே இருந்திருக்கும்.

ஆனால் சாக்லேட் இல்லாத அந்தக் கட்டியில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சர்க்கரையும், கொக்கோ கொழுப்புக்கு ஈடாகத் தாவரக் கொழுப்பும் இருந்தன. சர்க்கரையும் கொழுப்பும் பருவைக் கூட்டுமா என்பதுதான் கேள்வி என்றால், இரு குழுவினரும் அவற்றை ஏறக்குறைய ஒரே அளவில் தின்றார்கள். கொக்கோ என்ற ஒரு பொருளைப் பற்றி மட்டுமே இந்த ஆய்வு ஏதேனும் சொல்லியிருக்க முடியும். அதற்கும் நான்கு வாரம் போதாது. ஒரு பரு உருவாகி வெளித்தெரியவே பல வாரங்கள் பிடிக்கும். ஆய்வுக்கு நிதி உதவியது அமெரிக்கச் சாக்லேட் உற்பத்தியாளர் சங்கம். இத்தனை ஓட்டைகளும் அச்சிட்ட பக்கத்திலேயே தெரியக்கூடியவை. இருந்தும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்ற வாசகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்களில் நின்றது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை மறுக்க வந்த கூற்று, தானே சோதிக்கப்படாத நம்பிக்கையாக மாறியது.

இன்னொன்றும் உண்டு. அந்த 65 பேரில் 35 பேர் சிறைக் கைதிகள். ஆய்வாளர்களில் மூத்தவரான ஆல்பர்ட் கிளிக்மன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோலியல் பேராசிரியர். பிலடெல்பியாவின் ஹோம்சுபர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை அவர் தலைமையில் நூற்றுக்கணக்கான கைதிகளின் தோலில் சோதனைகள் நடந்தன. கைதிகளில் மிகப் பலர் கறுப்பின மக்கள். வாசனைப் பொருள்கள், குளியல் பொருள்கள் தொடங்கி, டையாக்சின் போன்ற நச்சுப்பொருள்கள் வரை அவர்கள் மீது பூசிப் பார்க்கப்பட்டன. என்ன பூசுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. சிறையில் பணம் ஈட்ட இருந்த சில வழிகளில் இது ஒன்று என்பதால் முதுகைக் காட்டினார்கள். இன்று உலகமெங்கும் பருவுக்குப் பூசும் மருந்துகளில் முதன்மையான டிரெட்டினாயின், அதாவது வைட்டமின் ஏ அமிலம், இந்தச் சூழலில் வளர்ந்தது. அதன் பயனைப் பற்றிய கட்டுரையை அதே மூவர் அதே 1969இல் வெளியிட்டார்கள். 1971இல் அதற்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. அது உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து. துளையின் வாயை அடைக்கும் செல்களை உதிரச் செய்து, பருவை அதன் தொடக்கத்திலேயே தடுக்கிறது. ஆலன் ஹோர்ன்பிளம் 1998இல் எழுதிய நூல் சிறைச் சோதனைகளை விரிவாக வெளிக்கொணர்ந்தது. முன்னாள் கைதிகள் தொடுத்த வழக்கு காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் தள்ளுபடியானது. பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு 2021இலும், பிலடெல்பியா நகர நிருவாகம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மன் 2010இலேயே இறந்துவிட்டார்.

உணவு பற்றிய கேள்வியை மீண்டும் திறந்தவர் அமெரிக்க ஆய்வாளர் லோரன் கோர்டெய்ன். பாப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரையும், பராகுவே நாட்டின் ஆச்சே பழங்குடியினர் 115 பேரையும் சோதித்த அவர் குழு, ஒருவரிடமும் பரு இல்லை என்று 2002இல் எழுதியது. கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் கிட்டாவா மக்களின் உணவு. தீட்டிய மாவும் சர்க்கரையும் அங்கே மிகக் குறைவு. பரம்பரையும் வாழ்க்கைமுறையும் இதில் கலந்திருப்பதால் உணவே காரணம் என்று இதை மட்டும் வைத்துக் கூற முடியாது. 2005இல் அமெரிக்கச் செவிலியர் 47,355 பேரின் பள்ளிக்கால உணவை நினைவுபடுத்திக் கேட்ட ஆய்வில், பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்று மிகுந்திருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் இத்தொடர்பு இன்னும் தெளிவாக இருந்தது. பாலின் கொழுப்பைக் குற்றம் சொல்லிவந்தவர்கள் எதிர்பார்க்காத விடை இது. 2007இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 43 இளைஞர்களிடம் பன்னிரண்டு வாரங்கள் சோதித்தபோது, இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இன்சுலின் மிகும்போது ஆண்ட்ரோஜன்களின் வேலையும் மிகுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

எனவே இன்றைய நிலை இதுதான்: எண்ணெய்ப் பலகாரத்தின் எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து சேர்வதில்லை. வெள்ளைச் சர்க்கரை, மைதா, இனிப்புப் பானங்கள் சிலருக்குப் பருவைக் கூட்டலாம். பாலைப் பற்றிய சான்று அதைவிட வலுக் குறைந்தது. எந்த உணவை நிறுத்தினாலும் பரு முற்றிலும் போய்விடும் என்பதற்குச் சான்று இல்லை.

தலை எண்ணெய், உடல் சூடு, பற்பசை

நம் ஊர் நம்பிக்கைகளில் சிலவற்றை இங்கே சுருக்கமாகப் பார்க்கலாம். பரு வருவது உடல் சூட்டால் என்றும், வாரம் ஒரு முறை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அடங்கும் என்றும் சொல்வது வழக்கம். கோடையில் பரு கூடுவதாகப் பலர் உணர்வது உண்மைதான். வியர்வையில் ஊறிய தோலில் துளைகள் எளிதில் அடைபடுகின்றன. ஆனால் எண்ணெயில் சிக்கல் உள்ளது. பிலடெல்பியாவில் தலைமுடிக்குக் கெட்டியான மசகுப் பூச்சுப் பயன்படுத்திய கறுப்பின ஆண்களின் நெற்றியிலும் பொட்டிலும் வரிசையாகப் பரு எழுவதை 1970இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். தலையில் எண்ணெய் வழிய வைத்து, அது நெற்றிக்கு இறங்கும் பிள்ளைகளிடம் நம் தோல் மருத்துவர்களும் இதே வடிவத்தைக் காண்கிறார்கள். பருவுக்கு ஆளாகும் தோல் உள்ளவர் தலைக்கு எண்ணெய் வைக்கலாம். நெற்றிக்கு வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பற்பசை பூசுவது அண்மைக் காலப் பழக்கம். அதில் உள்ள புதினா உப்பு குளிர்ச்சி தருவதால் வேலை செய்வது போலத் தோன்றும். தோல் எரிந்து கருந்தழும்பு மிஞ்சுவதே பெரும்பாலும் நடக்கிறது. எலுமிச்சைச் சாற்றுக்கும் இது பொருந்தும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறிய பிறகும் கருமை பல மாதங்கள் நிற்கும். பருவைவிட அந்தக் கருமைக்காக மருத்துவரிடம் போகிறவர்கள் அதிகம் என்றால் மிகையாகாது. பிதுக்குவதால் உள்ளிருப்பது இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, கருமையும் குழியும் கூடுகின்றன.

பரு தானாகப் போய்விடும், அதற்கு எதற்கு மருத்துவர் என்பது செல்சஸ் காலத்திலிருந்து வரும் பேச்சு. லேசான பருவுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆழமான கட்டிகளாக வரும் பரு போனாலும், அது விட்டுச்செல்லும் குழிகள் போவதில்லை. இவ்வகைக்கு 1979இல் ஐசோடிரெட்டினாயின் என்ற மாத்திரையைச் சோதித்தபோது 14 நோயாளிகளில் 13 பேருக்குப் பரு முழுதும் நீங்கியது. 1982இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் உட்கொண்டால் குழந்தைக்குக் கடும் ஊனங்கள் நேரும் என்பது விரைவிலேயே தெரிந்ததால், இன்று கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் தரப்படுகிறது.

மருந்துக் கடைக் களிம்பு

பழைய நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இன்று தீங்கு குறைந்தவை. இந்தியாவில் இப்போது அதிகக் கேடு செய்வது புதிய நம்பிக்கை ஒன்று: மருந்துக் கடையில் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த களிம்பு பருவையும் போக்கும், நிறத்தையும் கூட்டும் என்பது. இதன் வேரிலும் கிளிக்மன் இருக்கிறார். முகத்தில் படரும் மங்கு போன்ற கருமைக்காக, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்த களிம்பு ஒன்றை 1975இல் அவரும் வில்லிஸ் என்பவரும் வெளியிட்டார்கள். மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் பூச வேண்டிய மருந்து அது. இந்தியச் சந்தையில் அதன் வழிவந்த கலவைகள், ஸ்டீராய்டை மாற்றி, சிவப்பழகுக் களிம்புக்குரிய மலிவு விலையில், சீட்டு இல்லாமல் விற்கப்பட்டன. வெள்ளைத் தோல் மீதான மோகம் அவற்றை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது.

ஸ்டீராய்டு களிம்பைப் பூசிய சில நாட்களில் சிவப்பு தணிகிறது, முகம் வெளுக்கிறது. பூசியவர் மகிழ்ந்து பிறருக்கும் பரிந்துரைக்கிறார். வாரங்கள் மாதங்களாகும்போது தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்த நூல்களாகத் தெரிகின்றன; பெண்களின் முகத்தில் முடி வளர்கிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே அளவிலான பருக்கள் கூட்டமாக எழுகின்றன. பயந்துபோய் நிறுத்தினால் இரண்டொரு நாளில் முகம் எரிந்து சிவக்கிறது. மீண்டும் பூசினால் அடங்குகிறது. களிம்பு நல்லது, நிறுத்தியதுதான் தவறு என்று பூசுபவர் முடிவு செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான சூழ்ச்சியை யாரும் வடிவமைத்திருக்க முடியாது.

2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியாவின் 12 மையங்களில் முகத் தோல் நோய்க்காக வந்த 2,926 பேரில் 433 பேர் இவ்வாறு ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். நிறத்துக்கான களிம்பு என்றும் பருவுக்கான மருந்து என்றும் நினைத்தே அவர்களில் பெரும்பாலோர் பூசினார்கள். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்திய பின், 2018இல் நடுவண் அரசு இவ்வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. குழாயின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கனவே பல மாதங்கள் பூசிவருபவர் அதைத் திடீரென நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.